வெளுத்ததெல்லாம் அருவியா?

நாலு நாள் சேர்ந்தாப்புல மழை பெஞ்சா போதும், நம்ம மக்களுக்குக் கை நமநமங்க ஆரம்பிச்சுருது. கேமராவைத் தூக்கு, பைக்கை எடு, எங்கயாச்சும் தண்ணி விழுதான்னு பாரு. கோவை குற்றாலம் மூடியிருக்கா? சரி, திருமூர்த்தி மலைக்கு விடு. அங்கயும் தடையா? கொடிவேரி. அதுவும் இல்லையா? இருக்கவே இருக்கு, நம்ம ஊருக்குப் பக்கத்துல ஒரத்துப்பாளையம் அணை. கேட்கறதுக்கு ஆள் கிடையாது, டிக்கெட் கிடையாது. மதகுல வெள்ளம் சீறிக்கிட்டு விழும். வெள்ளை வெளேர்னு நுரை பொங்கும். அதை எடுத்துப் போட்டு "நொய்யல் நயாகரா"ன்னு ஒரு தலைப்பு. கீழ நாப்பது பேர் வந்து "செம மச்சி", "எந்த ஊரு நண்பா இது", "சொர்க்கம்யா"ன்னு கும்மி.

சொர்க்கமா? அடப்பாவிகளா.

அருவியை ஏன் படம் எடுக்கறீங்கன்னு சண்டை போட வரலை. நானும் எடுக்கறவன்தான். பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு வார இறுதியில ஊருக்கு வர்றவனுக்கு இதைவிட்டா வேற என்ன இருக்கு. மழை நேரத்துல அருவிப்பக்கம் போறது ஆபத்துன்னு பாடம் எடுக்கவும் வரலை. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல ஒரு பதினேழு வயசுப் பையன் போய்ட்டான். அதுக்கப்புறமும் தடுப்புக் கம்பியைத் தாண்டி நின்னு படம் எடுக்கறவங்களுக்கு நான் சொல்லியா உறைக்கப் போகுது? அதை எல்லாரும் எழுதியாச்சு, இன்னும் எழுதுவாங்க. என் வயித்தெரிச்சல் வேற. நுரையை அருவின்னு காட்டறதைப் பத்தி.

கோவை குற்றாலம்னு நீங்க போறீங்களே, சாடிவயல் செக்போஸ்ட் தாண்டி, அதை சிறுவாணி அருவின்னும் சொல்றாங்க. பேரைக் கேட்டு, கோவைக்காரங்க குடிக்கற சிறுவாணித் தண்ணின்னு நினைச்சுக்காதீங்க. இது மலைக்கு இந்தப்பக்கம் இறங்கற தண்ணி. சமவெளிக்கு வந்து, வெள்ளியங்கிரி மலைப்பக்கம் இருந்து வர்ற மத்த ஓடைகளோட சேர்ந்து நொய்யல் ஆகுது. அங்க நீங்க எடுக்கற படமும் ஒரத்துப்பாளையத்துல எடுக்கற படமும் ஒரே ஆத்தோட ரெண்டு படம். நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் மொத்தக் கதையும்.

நடுவுல கோயமுத்தூர் இருக்கு. அப்புறம் சூலூர், மங்கலம், திருப்பூர். சித்திரைச்சாவடி அணைக்கட்டு வரைக்கும் ஆறு ஆறா இருக்கும். அதுக்கப்புறம் ஊரு விடற சாக்கடை எல்லாம் சேரச் சேர, கோடையில பார்த்தா ஓடறது ஆத்துத் தண்ணியா, வீட்டுக் கழிவானு சண்டையே வேண்டாம், ரெண்டாவதுதான். 160 கிலோமீட்டருக்கு மேல ஓடிக் கரூர் மாவட்டத்துல காவிரியில விழற ஆறு இது. அதுல பாதி வழியிலயே அதோட கதையை முடிச்சுட்டோம்.

இப்ப நுரைக்கு வருவோம். பொறியியல் படிச்ச பாவத்துக்கு இதையாவது விளக்கறேன்.

அருவி ஏன் வெள்ளையா இருக்கு? தண்ணி விழற வேகத்துல காத்து உள்ள மாட்டிக் கோடிக்கணக்கான குமிழி ஆகுது. ஒவ்வொரு குமிழியும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்குது. அதனால வெள்ளை. ஆனா நல்ல தண்ணியில குமிழிக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. விழுந்து நாலு அடி தள்ளிப் போறதுக்குள்ள உடைஞ்சு, தண்ணி மறுபடியும் தண்ணி நிறத்துக்கு வந்துரும். குற்றாலத்துல அருவிக்குக் கீழ பத்தடி தள்ளிப் பாருங்க, கல்லு தெரியும்.

நுரை அப்படி இல்லீங்க. சோப்பு, டிடர்ஜென்ட் மாதிரி சமாச்சாரம் தண்ணியில இருந்தா, அது குமிழியோட தோலுல போய் ஒட்டிக்கிட்டு அதை உடைய விடாது. குமிழி மேல குமிழி ஏறி மெத்தை மாதிரி நிக்கும். மதகுல இருந்து விழும்போது ஆறு தன்னைத்தானே மத்து போட்டுக் கடையுது. கடைஞ்சதெல்லாம் கீழ்ப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒதுங்கி, காத்தடிச்சா ரோட்டுக்குப் பறந்து வரும். மக்கின இலைதழையில இருந்தும் கொஞ்சம் நுரை வரும், இல்லைன்னு சொல்லலை. காட்டோடையில ஓரமா பழுப்பு நிறத்துல ஒதுங்கி நிக்கறது அந்த வகை. மெத்தை மெத்தையா வெள்ளையா நிக்கறதை இலைதழை கணக்குல எழுத முடியாது.

ஆக, வெள்ளை விழுந்த இடத்துலயே அடங்கிருச்சுன்னா அருவி. அடங்காம ஆத்தோட கூடவே ஊர்வலம் போச்சுன்னா கழிவு. இதைக் கண்டுபிடிக்க பி.இ. தேவையில்லை, அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தா போதும். ஆனா நம்ம ஆளுங்க நின்னு பார்க்கறதில்லையே, ட்ரைபாடை ஊனிட்டு ஷட்டரை ரெண்டு செகண்டுக்கு வெச்சுடறாங்க. பட்டு மாதிரி ஓடற தண்ணி எஃபெக்டு வேணுமாம். அந்த எஃபெக்டுல குமிழி, நுரை, குப்பை, மிதந்து போற தெர்மாகோல் எல்லாமே ஒண்ணாக் கரைஞ்சு பால் ஆயிருது. பாக்கிக்கு மேல இருக்கற கம்பி வேலியையும் ஓரத்துல ஒதுங்கின பிளாஸ்டிக்கையும் வெட்டிவிட்டா, கழிவு கொட்டற மதகு காலண்டர் படம் ஆயிரும். ரெண்டு செகண்டுல ஒரு ஆத்தைச் சுத்தம் பண்ணிக் காட்டற இந்த வித்தையை எந்த அரசாங்கமும் இதுவரைக்கும் செய்யலை.

அரசாங்கம்னதும் ஞாபகம் வருது. 2017 செப்டம்பர்ல நொய்யல்ல நுரை பொங்கி ஊரே பேசிச்சு. அப்ப சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த கே.சி.கருப்பணன், நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரர், பவானி எம்.எல்.ஏ., என்ன காரணம் சொன்னார் தெரியுமா? கோயமுத்தூர் சனங்க சோப்பு போட்டுக் குளிக்கறதால வர்ற நுரைன்னார். நாடே சிரிச்சுது. நாமளும் மீம்ஸ் போட்டோம். நான் அதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு நினைக்கறேன். வீட்டுச் சாக்கடையில சோப்பு இருக்கறது உண்மைதான். நான் கேக்கறது, அந்த சோப்புத் தண்ணி சுத்திகரிக்காம எப்படி ஆத்துக்கு வந்துச்சு? பாதாளச் சாக்கடை போடறதும் சுத்திகரிப்பு நிலையம் கட்டறதும் குளிச்சவன் வேலையா? அவர் சொன்னது முழுக்கவே உண்மைன்னு வெச்சாலும், குற்றம் அரசாங்கத்து மேலதான் போய் நிக்குது. சிரிச்ச சிரிப்புல இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கலை. இன்னைக்கு அதே நுரைக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கறவனுக்கும் அன்னைக்கு அமைச்சர் சொன்னதுக்கும் என்ன வித்தியாசம்? அவர் சோப்புன்னார், நீ சொர்க்கங்கற.

ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிச்சது 1992-ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. ஈரோடு, கரூர் பக்கத்து காட்டுக்குப் பாசனம்னு சொல்லித்தான் கட்டினாங்க. கட்டின கொஞ்ச வருஷத்துலயே அது திருப்பூர் சாயக்கழிவு தேங்கற தொட்டி ஆயிருச்சு. பக்கத்துக் கிணறெல்லாம் உப்பேறிப் போச்சு. தமிழ்நாட்டுல அணையில தண்ணி தேக்குங்கன்னு விவசாயிங்க போராடித்தான் பார்த்திருப்பீங்க. தேக்கவே தேக்காதீங்கன்னு விவசாயிங்க கெஞ்சின அணை இது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் கெடு வெச்சுது. ஆலைக்காரங்க உச்ச நீதிமன்றம் போனாங்க, 2009 அக்டோபர்ல அங்கயும் ஒரு சொட்டுக் கழிவு வெளிய விடக்கூடாதுன்னே தீர்ப்பு வந்துச்சு. அப்பவும் அடங்கலை. 2011 ஜனவரி 28-ம் தேதி, திருப்பூர்ச் சாயப்பட்டறை அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. எழுநூத்துக்கும் மேல பட்டறைங்க. நான் அப்ப பள்ளிக்கூடத்துல. திருப்பூருக்கு வேலைக்குப் போற எங்க ஊர்க்காரங்க பாதிப் பேர் மாசக்கணக்குல வீட்டுல உக்காந்திருந்தது நல்லா ஞாபகம் இருக்கு.

அதனால தொழிலை மூடுங்கன்னு ஈஸியா சொல்ற ஆள் நான் இல்லை. எங்க ஊரே நெசவு ஊரு. சென்னிமலைப் போர்வைன்னா வடக்க வரைக்கும் பேரு. அந்தப் போர்வைக்கும் நூலுக்குச் சாயம் போட்டுத்தான் ஆகணும். சாயம்னாலே பாவம்னு பேசினா எங்க தெருவுலயே சோறு கிடைக்காது. தவிர திருப்பூர்க்காரங்க அதுக்கப்புறம் செஞ்சதையும் சொல்லணும். பதினெட்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையம், ஆர்.ஓ., ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறது, அந்த உப்புத் தண்ணியையே மறுபடி சாயத்துக்கு எடுத்துக்கறதுன்னு கோடி கோடியா கொட்டியிருக்காங்க. இந்தியாவுல வேற எந்த ஜவுளி ஊரும் இந்த அளவுக்குச் செய்யலைன்னு தாராளமா சொல்லலாம். முறையா செலவு பண்ணி சுத்திகரிக்கறவனுக்குத்தான், ராத்திரியில திருட்டுத்தனமா திறந்து விடறவன் மேல என்னைவிட கோவம் வரணும். ஏன்னா அவன் ஒரு மீட்டர் துணிக்கு நாலு காசு கம்மியா சொல்லி ஆர்டரை அடிச்சுட்டுப் போறான்.

அந்தத் திருட்டுக்கு தோதான நேரம் எது? மழை.

இங்கதான் உங்க படம் வந்து குறுக்க நிக்குது. வெள்ளம் வந்தா எல்லாம் கலந்துரும், நிறம் தெரியாது, அளந்தாலும் எண்ணிக்கை இறங்கிரும். மழை நேரம் பார்த்துத் திறந்து விடறாங்கன்னு கரையோர விவசாயிங்க வருஷா வருஷம் புகார் சொல்றாங்க. கழிவை விட்டதுக்காக கரண்டைப் பிடுங்கின பட்டறைங்களும் உண்டு. போதாததுக்கு, கோடை முழுக்க ஆத்துக்குள்ளயும் ஓடைகளுக்குள்ளயும் தங்கிப்போன சாக்கடை, சேறு, சோப்பு, அத்தனையையும் முதல் வெள்ளம் வழிச்சு எடுத்துட்டு வரும். மழை பெஞ்சா ஆறு கழுவிவிட்ட மாதிரி ஆயிரும்னு சொல்றவங்க, கழுவின தண்ணி எங்க போச்சுன்னு யோசிக்கறதில்லை. எங்க ஊருக்குத்தாங்க வருது.

இதுல இன்னொரு வேடிக்கை. நுரை கண்ணுக்குத் தெரியற கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு உப்பு. பருத்தித் துணிக்கு இப்பப் போடற சாயம் நூலுல ஏறணும்னா தண்ணியில உப்பை அள்ளிக் கொட்டணும். சாயத்தை நூல்பக்கம் தள்ளி விடறதோட உப்போட வேலை முடிஞ்சுது. அது துணியோட போறதில்லை, அப்படியே கழிவுத் தண்ணியில வந்துரும். வடிகட்டினாலும் போகாது, வெயில்ல காய்ஞ்சாலும் போகாது, வருஷம் போனாலும் மண்ணைவிட்டுப் போகாது. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கும், லிட்டருக்கு ரெண்டாயிரம் மில்லிகிராமுக்கு மேல உப்பு கரைஞ்சிருக்கும். குடிக்கற தண்ணிக்கு 500 இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும் போகலாம்ங்கறது அரசாங்கக் கணக்கு. ஆகக்கூடி நுரை இல்லாத அழகான படமும் ஒண்ணையும் நிரூபிக்காது.

எங்க அப்புச்சிக்கு ஆத்துக்குப் பக்கத்துல காடு. போன தடவை வெள்ளம் வந்தப்ப, "ஏனுங் அப்புச்சி, ஆத்துல இவ்வளவு தண்ணி போகுது, சந்தோசந்தானே?"ன்னு கேட்டேன்.

"சந்தோசப்படறதா பயப்படறதான்னே தெரியல கண்ணு. தண்ணி வர்லீன்னா கிணறு காயுது. வந்துச்சுன்னா கிணறு கெடுது."

"அப்பறம் என்னதான் பண்றதுங்க?"

"நீங்கெல்லாம் போட்டா புடிக்கறீங்கல்லோ, புடிங்க" அப்படின்னுட்டு மாட்டைப் புடிச்சுக் கட்டப் போயிட்டார். அவர் கிண்டலாச் சொன்னாரா, நிஜமாச் சொன்னாரான்னு இப்ப வரைக்கும் தெரியலை. நான் நிஜமாச் சொன்னதாவே வெச்சுக்கறேன்.

ஏன்னா படத்துக்கு சக்தி இருக்குங்க. யமுனையில சட் பூஜைக்கு இறங்கின பொம்பளைங்க இடுப்பளவு நுரைக்குள்ள நிக்கற படத்தைப் பார்த்திருப்பீங்க. வருஷா வருஷம் அது உலகம் பூரா சுத்துது, டெல்லியில எந்தக் கட்சி ஆண்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கு. பெங்களூர் பெல்லந்தூர் ஏரி நுரை ரோட்டுக்கு வந்ததும், 2015-ல அந்த நுரையே தீப்பிடிச்சு எரிஞ்சதும் படமா வந்ததாலதான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அதே 2019 கடைசியில நம்ம சென்னையில, பட்டினப்பாக்கம் கடற்கரையில நுரை ஒதுங்கினப்ப என்ன நடந்துச்சு? குழந்தைங்களை அதுக்குள்ள இறக்கிவிட்டுப் படம் எடுத்தாங்க, ஏதோ பனி பெஞ்ச மாதிரி. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையிலயும் மழைக்கு மழை இதே கதைதான். நுரை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், அதுக்குக் கீழ எழுதற வார்த்தைதான் வேற வேற.

"அழகை அழகா மட்டும் பாருங்க பாஸ், எல்லாத்துலயும் அரசியலா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அவர் போட்ட படத்துக்குக் கீழதான் இந்தச் சண்டையே ஆரம்பிச்சுது. ஐயா, படத்துல இருந்து குப்பையை வெட்டினீங்களே, அப்பவே அரசியல் பண்ணியாச்சு. எதைச் சட்டத்துக்குள்ள வெக்கறது, எதை வெளிய தள்றதுன்னு முடிவு பண்ணினது நீங்க. நான் வெளிய தள்ளினதைத் திரும்ப உள்ள வைங்கன்னு கேக்கறேன், அவ்வளவுதான். இன்னொண்ணு, அழகு இல்லைன்னும் நான் சொல்லலை. சாயங்கால வெயில்ல அந்த நுரை மேல ரோஸ் கலர் அடிக்கறப்ப அழகாத்தான் இருக்கு. அதுதான் பயமே.

அணைக்குக் கொஞ்சம் மேல இதே ஆத்தங்கரையிலதான் கொடுமணல். பதிற்றுப்பத்துல பேர் வர்ற ஊரு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லுமணி செஞ்சு கடல் தாண்டி வித்த ஊரு. தொல்லியல்காரங்க அங்க ஒரு பாசி மணி எடுத்தாக்கூட எந்தக் குழியில, எத்தனை அடி ஆழத்துலன்னு எழுதி வெச்சுட்டுத்தான் எடுப்பாங்க. இடம் தெரியாத மணிக்கு மதிப்பு இல்லை. நீங்க எடுக்கற படமும் அப்படித்தான். எங்க, எந்தத் தேதி, எத்தனை மணி, மழை பெஞ்சு எத்தனாவது நாள்னு இல்லாத நுரைப் படம் வெறும் வால்பேப்பர்.

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? போன்ல லொக்கேஷனை ஆன் பண்ணி எடுத்தா, இடமும் நேரமும் படத்துக்குள்ளயே பதிஞ்சுரும். அதையே வாட்ஸப்புல போட்டோவா அனுப்பினா அந்த விவரத்தையெல்லாம் உரிச்சுட்டுத்தான் அனுப்பும். டாக்குமென்டா அனுப்பினா இருக்கும். ஒரிஜினலை அழிக்காம வெச்சுக்கங்க. பட்டு எஃபெக்டுக்கு ஒண்ணு எடுக்கறீங்களா, எடுத்துக்கங்க, கூடவே ஷட்டரை ஆயிரத்துல ஒரு பங்குக்கு வெச்சு இன்னொண்ணு எடுங்க. குமிழி தனித்தனியாத் தெரியும். விழற இடத்தை மட்டும் எடுக்காம, கீழ நூறு அடி தள்ளியும் எடுங்க. நுரை அங்கயும் இருக்கா இல்லையாங்கறதுதான் விஷயமே. பாலம், மதகு, கோயில்னு ஏதாவது அடையாளம் ஒண்ணு படத்துல இருக்கட்டும், நாளைக்கு "இது எங்க ஊரே இல்லை"ன்னு ஒரு அதிகாரி தப்பிக்க முடியாது.

அப்புறம் டி.டி.எஸ். மீட்டர்னு பேனா சைஸ்ல ஒண்ணு விக்குது. சில நூறு ரூபாதான். லென்ஸுக்கு எழுபதாயிரம் கொடுத்தவருக்கு அது பார்க்கிங் காசு. தண்ணியில கரண்டு எவ்வளவு பாயுதுன்னு பார்த்து உப்பைக் குத்துமதிப்பாச் சொல்லும். கோர்ட்டுல அது செல்லாது, லேப் ரிப்போர்ட்தான் செல்லும். ஆனா எங்க, எப்ப லேப் ஆளைக் கூட்டிட்டு வரணும்னு அது சொல்லிரும். ஒரு நாள் எண்ணை வெச்சுக்கிட்டுக் குதிக்காதீங்க, அது ஒண்ணுக்கும் ஆகாது. மழைக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வெள்ளத்துல ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு. சாடிவயல்ல ஒண்ணு, சூலூர்ல ஒண்ணு, திருப்பூருக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஒரத்துப்பாளையத்துல ஒண்ணு. ஒரே நாள்ல அஞ்சு பேர் அஞ்சு இடத்துல நின்னா முடிஞ்சுது. கோவைப் பதிவர்கள் சந்திப்புன்னா அம்பது பேர் போண்டா சாப்பிட வர்றீங்க, அஞ்சு பேர் தேற மாட்டீங்களா?

சாடிவயல்காரரும் ஒரத்துப்பாளையத்துக்காரரும் எடுத்த படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே பதிவாப் போடணும்ங்கறது என் ஆசை. ரெண்டுமே வெள்ளையா இருக்கும். நயாகரான்னு தலைப்பு வெக்கறவரு எதுக்கு வெக்கறார்னு அன்னைக்குப் பார்க்கலாம்.

டிஸ்கி: அடுத்த மழைக்கு நான் ஊர்லதான் இருப்பேன், ஆணி கொஞ்சம் கம்மி. வர்றவங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க, காங்கயம் ரோட்டுல இருந்து வழி காட்டறேன். நுரைக்குள்ள கால் வெக்காதீங்க, அடியில படி இருக்கா பள்ளம் இருக்கான்னு தெரியாது. மீட்டர் என்கிட்ட ரெண்டு இருக்கு, பேட்டரி மட்டும் வாங்கிட்டு வந்துருங்க.